எங்கள் தோட்டத்தில் ஓடிய மாரிக்குப்பம் ரயில்

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே படிக்கிற என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்த டிரெயினுக்கு சார்ஜர் எங்கே?" என்று கேட்டார்கள். அவர்களை விடுங்கள், நாம் பேசிக்கொள்வோம்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தோட்டம் இருந்தது. தோட்டம் என்றதும் லால்பாக் அளவுக்குக் கற்பனை பண்ணிவிடாதீர்கள். பத்தடி அகலத்தில் நீளமாக ஒரு துண்டு நிலம். ஒரு பட்டர் ஃப்ரூட் மரம், அம்மா போட்ட சீமைக் கத்தரிக்காய்ப் பந்தல், குழாய், துவைக்கிற கல். அதோடு யாரோ எப்போதோ கக்கூஸுக்குத் தோண்டிய செம்மண் அள்ளப்படாமல் மேடாகவே கிடந்தது. மேடு என் கழுத்து உயரம் இருக்கும். நான் நாலாம் வகுப்பு. அண்ணன் எட்டாம் வகுப்பு, அதனால் அவன் சொன்னதுதான் சட்டம்.

அந்த வருஷம்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் சொந்த அக்கா. தங்கவயலில் மாமா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாள் உள்ளே பாறை சரிந்து போய்விட்டார். மறுநாள்தான் மேலே கொண்டுவந்தார்களாம். பிள்ளைகள் கிடையாது. காரியமெல்லாம் முடித்துவிட்டு அப்பா அத்தையைக் கையோடு அழைத்து வந்தார்.

வந்த நாளிலிருந்து அத்தை பேசவில்லை. கேட்டால் தலையாட்டுவாள். சோறு போட்டால் சாப்பிடுவாள், போடாவிட்டால் கேட்க மாட்டாள். பிற்பகல் மூணு மணி ஆனால் போதும், எழுந்து போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தங்கவயலில் அது ஷிப்டு முடிந்து ஆட்கள் மேலே வருகிற நேரம். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள். தெருவில் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுப் பெண்மணி தன் பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கம் விளையாட அனுப்புவதை நிறுத்தினாள்.

ஒரு நாள் சமையலறையில் அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மழைக்காலம் முடியட்டும், பாக்கலாம். அதுக்குள்ள சரியாச்சின்னா நம்மகூடவே இருக்கட்டும். இல்லேன்னா பைத்தியக்கார ஆஸ்பத்திரில சேத்துட வேண்டியதுதான். எனக்கு வேற வழி தெர்ல."

"அங்க போனவங்க திரும்பி வராங்களா?" என்றாள் அம்மா.

அப்பா பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அத்தையை எனக்குப் பிடிக்கும். பேசாவிட்டால் என்ன, தினமும் காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவது அவள்தான். அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வரும். அத்தை பின்னினால் தூக்கம் வரும்.

ரயில் யோசனை அப்பாவுடையது. அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே மெஷின்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் இரும்புப் பட்டை கட்டி வரும். வேண்டாமென்று எறிகிற அந்தப் பட்டைகளையும் பலகைகளையும் கேட்டு வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். "பசங்களுக்கு ஒரு ரயில் பண்ணித் தரேன்" என்றார். பசங்களுக்குத்தான் என்று நாங்களும் நம்பினோம். இப்போது யோசித்தால், அக்காவின் மௌனத்தோடு ஒரே அறையில் உட்கார அவருக்குத் தெம்பில்லை, தோட்டத்துக்கு ஓடி வந்தார் என்றுதான் தோன்றுகிறது.

பலகையைச் சின்னச் சின்னக் கட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ரெண்டு கீறல் போட்டு, கீறலில் இரும்புப் பட்டையைச் செங்குத்தாகச் செருகினால் தண்டவாளம். நாலு விரல் அகலம். கறையான் பிடிக்காமல் இருக்கக் கட்டைகளைப் பழைய எஞ்சின் ஆயிலில் ஊறவைத்தார். அந்த வாசனை அந்த வருஷம் முழுக்க என் பாவாடையில் இருந்தது. அம்மா எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை.

எஞ்சினுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போனோம். பழைய சாமான் விற்கிற சந்தில் ஒரு தாடிக்காரர் ஊதுகுழாய் போன கிராமபோன் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"பாட்டு வருமா?" என்றார் அப்பா.

"அரே சாப், பாட்டு வந்தா நான் ஏன் விக்கறேன்? ஸ்பிரிங்கு கெட்டி. கொழந்தயோட கொழந்தக்கும் வரும்."

அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிச் சக்கரம் பூட்டி, மேலே ஒரு நீளமான டின்னைப் படுக்கவைத்து ஈயம் ஊற்றிப் பற்றவைத்தார் அப்பா. எஞ்சின் தயார். கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றி விட்டால் தோட்டத்தை ஒன்றரை தடவை வலம்வரும். பெட்டிகளுக்கு மீன் அடைத்து வருகிற தட்டை டப்பாக்கள். எத்தனை கழுவியும் வாடை போகாததால், முதல் கூட்ஸ் வண்டி கிளம்பியபோது தெருப்பூனைகள் மூன்று மரியாதையாகப் பின்னாலேயே நடந்து வந்தன.

அண்ணன் ஸ்டேஷன்களுக்குப் பேர் வைத்தான். குழாயடி மாரிக்குப்பம், அதாவது தங்கவயல் ஸ்டேஷன். மரத்தடி பங்காரப்பேட்டை. சமையலறைப் படி கன்டோன்மென்ட். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு டைம்டேபிளும் எழுதினான். நான் கார்டு. என் வேலை பச்சைக் கொடி காட்டுவது, அதாவது அம்மாவின் கிழிந்த ஜாக்கெட் துணியைக் காட்டுவது. கைப்பிடியைத் தொடக்கூடாது.

முதலில் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தபோது பங்காரப்பேட்டைக்குப் போகிற வழியில் அந்த மண்மேடு குறுக்கே நின்றது. அப்பா மண்வெட்டியை எடுத்து ஓங்கினார்.

"வெட்டாத."

யார் பேசியது என்று எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. சமையலறைப் படியில் அத்தை நின்றிருந்தாள்.

"மேட்ட வெட்டுனா ரெண்டு பக்கமும் சரியும். உள்ள போவணும். மேல மரம் குட்த்துகினே போவணும்."

குரலைக் கேட்டு அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். அப்பா ஓங்கிய மண்வெட்டியைக் கீழே இறக்கவே மறந்துவிட்டார். ரெண்டு மாசத்துக்குப் பிறகு அத்தை வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

சுரங்கப்பாதையை அத்தைதான் தோண்டினாள். ஒரு கம்பித் துண்டும் இரும்புக் கரண்டியும்தான் ஆயுதம். ஒரு முழம் தோண்டுவாள், பலகைத் துண்டுகளை இரண்டு பக்கமும் நிறுத்துவாள், மேலே ஒன்றைக் குறுக்கே முடுக்குவாள், விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். "சத்தத்துலயே தெரியும், மரம் புடிச்சிருக்கா இல்லியான்னு. உங்க மாமா சொல்லும்" என்றாள். மாமா தினமும் சோறு சாப்பிடும்போது கீழே நடந்ததெல்லாம் சொல்வாராம். எல்லாம் அவளுக்குள் அப்படியே இருந்தது.

ரயிலுக்கு ஒரு சாண் வழி போதும். அத்தை கேட்கவில்லை. "ஆளு போவ முடியாத வழிய தோண்டக் கூடாது. உள்ள ஒண்ணு நின்னுட்டா யாரு போயி எடுக்கறது?" என்று, நான் வயிற்றால் ஊர்ந்து போகிற அளவுக்கு அகலமாக்கினாள். வீட்டிலேயே ஒல்லி நான்தான். சுரங்கம் ஆறடி நீளம். உள்ளே ஈரமண்ணும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஒரு மணம், மறுமுனையில் தட்டு அளவுக்கு வெளிச்சம். எனக்குப் பயமே இல்லை, அங்கேயே குடியிருக்கலாம் போலிருந்தது. இன்றைக்கு யாராவது தன் குழந்தையை இப்படி ஒரு மண்பொந்துக்குள் விடுவார்களா? நான் விடமாட்டேன். அப்பா விட்டார். அக்கா பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அவருக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை.

அத்தை ஒரே ஒரு சட்டம் போட்டாள். தங்கவயலில் கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. இறங்கும்போது கையோடு எடுத்துப் போவார்கள், மேலே வந்ததும் பலகையில் மாட்டிவிடுவார்கள். மாட்டாத டோக்கன் இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அதே மாதிரி எங்களுக்கும் வேண்டும் என்றாள். அப்பா தொழிற்சாலையில் ரெண்டு பித்தளை வில்லைகள் வெட்டி நம்பர் அடித்துக்கொண்டு வந்தார். ஒன்று அண்ணன், ரெண்டு நான். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி. சுரங்கத்துக்குள் நுழைகிறவர் டோக்கனைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், வெளியே வந்ததும் ஆணியில் மாட்ட வேண்டும். ஒரு ஆணி காலியாக இருந்தாலும் ரயில் நகரக் கூடாது.

"வெளையாட்டுக்கு எதுக்கு அத்த இதெல்லாம்?" என்றான் அண்ணன்.

"வண்டி வேணுமா, வேணாமா?" என்றாள் அத்தை. அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

எப்படிப்பட்ட நாட்கள் அவை! மூணு மணிக்கு அத்தை வாசலுக்குப் போவது நின்றது. சமையலறைப் படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ரயில் பார்த்தாள். ஒரு பூனை பாய்ந்து கடைசிப் பெட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியபோது வாய்விட்டுச் சிரித்தாள். குழம்பில் உப்பு பத்தவில்லை என்று ஒரு நாள் அம்மாவிடம் சண்டைகூடப் போட்டாள். அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ஆனாலும் அம்மாவுக்கு உள்ளுக்குள் உறுத்தல்தான். "புருசன் போன எடத்தையே கட்டி வெச்சிகினு அண்ணி வெளையாடுதுங்க. இது நல்லதுக்கா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"நானும் அதான் யோசிக்கறேன். மழை இன்னும் முடியலியே, பாப்போம்" என்றார் அப்பா. அவர்கள் கண்ணுக்கு அது நோயாகத் தெரிந்தது. அதுதான் அத்தைக்கு மருந்தாக இருந்தது என்று எனக்கே இந்த வயசில்தான் புரிகிறது.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றிச் சுற்றிப் பேசியது இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான்.

பரீட்சை நேரம், பள்ளிக்கூடம் அரைநாள். நாலு மணிக்குத் தெருப் பையன்களை எல்லாம் ரயில் பார்க்க வரச்சொல்லியிருந்தான் அண்ணன். இன்றைக்கு ஒரு நாள் கைப்பிடியை நான் சுற்றுகிறேன் என்று கெஞ்சினேன்.

"பொண்ணுங்கன்னா கார்டுதான்."

"உள்ள போயி எஞ்சின எடுக்கறது மட்டும் நானா?"

"அதுக்குத்தான உன்ன வெச்சிருக்கு" என்று சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் டின்னைத் துடைக்க அந்தப் பக்கம் திரும்பியதும் என் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆணி காலி. இனி எப்படி ஓட்டுவாய் என்று பார்க்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே அடுத்த தெருவில் இருந்த என் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் அம்மா சூடாக வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். கேரம் ஆடினோம். மூன்றரை மணிக்கு மழை கொட்டியது. அண்ணன் பையன்கள் முன்னால் அசடு வழிவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். இன்னும் ரெண்டு பஜ்ஜி கேட்டு வாங்கித் தின்றேன்.

அந்த நேரம் எங்கள் வீட்டில் நடந்தது பிறகு துண்டு துண்டாகத் தெரிந்ததுதான். அப்பா வேலையில். அம்மா ரேஷன் கடை வரிசையில். நான் கோபித்துக்கொண்டு போனது அண்ணனுக்குத் தெரியும், ஆனால் அவன் பையன்களைக் கூப்பிடப் போய் மழைக்கு டீக்கடையில் ஒதுங்கிவிட்டான். உள்ளே படுத்திருந்த அத்தை கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே வந்திருக்கிறாள். சுவரில் ரெண்டாம் நம்பர் ஆணி காலி. மேடு மழையில் ஊறிச் சரிந்து சுரங்கத்தின் வாயே தெரியவில்லை.

மழை விட்டு நான் திரும்பியபோது எங்கள் கேட்டில் பாதித் தெரு நின்றது. தோட்டத்துக்குள் ஓடினேன். தண்டவாளங்கள் முறுக்கிக்கொண்டு மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. எஞ்சின் நசுங்கி, ஸ்பிரிங் சுருள் அவிழ்ந்து சேற்றில் கிடந்தது. அந்த ரயில் அதற்குப் பிறகு ஓடவில்லை, இன்று அதில் ஒரு ஆணிகூட மிச்சமில்லை. மேடு இருந்த இடத்தில் பெரிய பள்ளம். அத்தை இடுப்பளவு மண்ணில் நின்று வெறும் கையால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டு பெண்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். அவளை அசைக்க முடியவில்லை. விரல் நுனியெல்லாம் ரத்தம்.

"தோ, பாப்பா வந்துட்டா பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அத்தை நிமிர்ந்தாள். பள்ளத்திலிருந்து ஏறி வந்து என் தலையைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். என் ரெண்டு கையையும் பிடித்து விரல் விரலாகப் பார்த்தாள். பிறகு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொழந்த அது பாட்டுக்கு வெளையாடப் போயிருக்கு. மாசக் கணக்கா தம்பி கட்டுனத ஒரு நிமிஷத்துல பேத்துட்டாங்களே, புத்திதான் கலங்கிடுச்சி" என்றாள் ஒருத்தி. அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கிய அப்பாவிடம் எதிர்வீட்டுப் பெண்மணி, "ஆஸ்பத்ரெகே சேர்ஸிபிடி ஸார்" என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்படி கன்னடத்தில் சொன்னாள். அப்பா அத்தையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். "நாளைக்கிக் காலைல ஆட்டோ சொல்லிடறேன்" என்றார்.

என் பாவாடைப் பையில் டோக்கன் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். பொய். அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆட்டோ வந்து நின்றது. அத்தையின் புடவைகளை அம்மா ஒரு பையில் வைத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "கொஞ்ச நாளைக்கித்தான் அண்ணி" என்றாள். அத்தை சரியென்று தலையாட்டினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தலை பின்ன ஆரம்பித்தாள். பத்து விரலிலும் வேட்டித் துணி சுற்றியிருந்தது. மஞ்சள் பற்று வாசனை. ஒவ்வொரு கால் எடுத்துப் பின்னும்போதும் வலியில் மூச்சை இழுத்துப் பிடிப்பது என் பிடரியில் கேட்டது.

"பரீட்ச நல்லா எழுதணும், இன்னா?" என்றாள்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பாதிப் பின்னலோடு எழுந்து கேட்டுக்கு ஓடினேன். அப்பா ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். டோக்கனை நீட்டினேன்.

"அப்பா, இது என்கிட்டதான் இருந்திச்சி. அண்ணன் வண்டி ஓட்டக் கூடாதுன்னு நான்தான் எடுத்துகினு போயிட்டேன். அத்த நான் உள்ள மாட்டிகினேன்னு நெனச்சித்தான் தோண்டுச்சி. அதுக்குப் பைத்தியம் இல்லப்பா."

அப்பா டோக்கனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கை ஓங்கினார். அடி விழுவதற்குள் அத்தை வந்து நடுவில் நின்றாள்.

"கொழந்தய அடிக்காத. அதான் வந்துட்டாளே" என்றாள்.

அப்பாவுக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அத்தை மேல் பாய்ந்தார். "இன்னாக்கா நீ! நாலு பக்கமும் வீடு கீது. யாரையாவது கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, டோக்கன் ஆணில இல்லன்னு? சொல்லாம கொள்ளாம நீயே மழையில நின்னு தோண்டுனா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"சொன்னேனேடா தம்பி" என்றாள் அத்தை.

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான். அன்னிக்கி நீ லீவுல தங்கவயலுக்கு வந்திருந்த. ஷிப்டு உட்டு எல்லாரும் மேல வந்துட்டாங்க. சொரங்கத்து கேட்டாண்ட நின்னுகினு, மாமா டோக்கன் இன்னும் மாட்டல, மாட்டலன்னு உன்கிட்டதான சொன்னேன். மறந்துட்டுப் போயிருப்பாரு, எங்கனா நின்னு பேசிகினு இருப்பாரு, நீ வாக்கா, சோறு ஆறிடும்னு சொன்ன." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. "நானும் வந்து சாப்ட்டேன்."

அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏன் ஸார், ஹோகோணவா?" என்று, போகலாமா எனக் கேட்டார். அம்மாதான் போய் ஆட்டோவிலிருந்து பையை இறக்கி வீட்டுக்குள் எடுத்து வந்தாள்.